கூலரோடு பயணம் செய்தவர்

சேலத்தில் பஸ் ஏறியவர் ஏர் கூலரை ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துவிட்டுத் தாம் நின்றுகொண்டார். அந்த வெயிலிலும் தலையில் குரங்குக் குல்லா. அடிவாரம் தாண்டியதும், வளைவுக்கு வளைவு கூலரின் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏனுங்க, ஏற்காட்டுக்குக் கூலரா?" என்றேன்.

"சேலத்துல கட்டிக்குடுத்த புள்ளைக்குங்க. கைக்கொழந்தையோட வெக்கையில வேகுது."

"அங்கேயே குடுத்திருக்கலாமேங்க?"

"அதெப்படீங்க? சீருன்னா பொறந்த ஊட்டுல இருந்து மஞ்ச குங்குமம் வெச்சுத்தான் போகோணும். நம்மூட்ல ஓட்டியும் பாத்துருவேன். கடைக்காரர் பேச்சை நம்ப முடியுமுங்களா?"

அடுத்த வாரம் நான் மலையிறங்கிய பஸ்ஸிலும் அவர் இருந்தார். குங்குமப் பொட்டோடு கூலர் சீட்டில் இருந்தது. அவர் நின்றார்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

குரலைத் தாழ்த்தினார். "நொம்ப வேகமான மெசினுங்க. கடைக்காரர் சொன்னாப்புல ஜன்னலைத் தொறந்து வெச்சு ஓட்டுனேன். ஊட்டுக்குள்ள மேகமே வந்துருச்சு! ஊட்டுக்காரிக்குக் குளுருல பல்லு கிட்டிப் போச்சு."

பஸ் ஜன்னலுக்கு வெளியேயும் அதே மேகம்தான் வெள்ளையாக நின்றது. கூலர் இல்லாமலே வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

சேலத்தில் கூலரை இறக்கிவைத்தவர், திரும்ப ஏறி ஒரு பெரிய மூட்டையைத் தூக்கினார்.

"இதென்னங்க?"

"கம்பளிங்க. மாப்பிள்ளை ஊட்டுல இருக்காதுங்களே."

சித்திரை வெயில் ஏறும்போதெல்லாம், அந்த மாப்பிள்ளை மூட்டையைப் பிரித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன்.