மில் கேட்டில் நின்றவர்

என் வீட்டுக்காரருக்கு வேலை போனது ஒற்றை வாக்கியத்தில். "நாளையிலேருந்து வராத." அவ்வளவுதான் பேச்சு.

சீர்காழிக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் அவர் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். உமியைத் தள்ளித் தள்ளி நெருப்பு அணையாமல் வைத்திருக்க வேண்டும். நீராவி ஏறினால்தான் தொட்டியில் நெல் அவியும். சம்பா அறுப்பு முடிந்து மூட்டை மூட்டையாக நெல் வந்து இறங்கிய சமயம் அது. மாற்று ஆள் வரவில்லை என்று முதலாளி அவரை அடுத்த ஷிப்டும் நிற்கச் சொன்னார். முந்தைய ராத்திரியும் தூங்காமல் நின்றவர் இவர். "கண்ணு இருட்டுதுங்க, பாய்லர்கிட்ட இனிமே நிக்க முடியாது" என்றாராம். அதற்குக் கிடைத்த பதில்தான் அந்த வாக்கியம். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதலாளி என்றால் யாரோ எவரோ இல்லை. என் மாமனார் வயசுக்காலம் முழுக்கப் பண்ணையாளாக உழைத்தது அவருடைய அப்பாவிடம்தான். நில உச்சவரம்பு வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே மச்சான், மருமகன், சமையற்காரர் என்று ஆளாளுக்கு வயலை எழுதிவைத்துவிட்டு, கையில் இருந்ததைக் கொண்டு மில் வைத்தவர்கள். ஆட்சி மாறியதும் முதலாளி வேட்டியின் கரையும் மாறியது. மேடையில் உழைப்பாளிகளைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்களுக்கே கண் கலங்கும். மில்லுக்குள் அந்தப் பேச்சுக்கு இடம் கிடையாது.

தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். எல்லாரையும் தோழர் என்று கூப்பிடுகிறவர். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வாயால் சொல்லி ஒரு தொழிலாளியை நீக்க முடியாது, குற்றம் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னபோது எனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. அடுத்து அவர் சொன்னதுதான் வில்லங்கம்.

"மொதலாளி இப்பவே ஒரு கதை கட்டியாச்சு தோழர். நான் ஒண்ணும் அனுப்பல, அவனாத்தான் நின்னுட்டான்னு சொல்றாரு. நீங்க வீட்டுல உக்காந்திருந்தா அதுதான் உண்மையாயிடும். நாளையிலேருந்து தெனமும் சங்கு ஊதறப்ப மில் கேட்டுக்குப் போங்க. வேலைக்கு வந்திருக்கேன்னு சொல்லுங்க. உள்ள விடலன்னா அங்கயே கொஞ்ச நேரம் நில்லுங்க. நாலு பேர் பாக்கட்டும்."

என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். செயலாளர் போன பிறகுதான் திரும்பி வந்தார்.

"எங்கப்பா நின்ன நிலை பத்தாதா? அந்தக் குடும்பத்து வாசல்ல நானும் போயி நிக்கணுமா? வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் மாமனார் பண்ணை வீட்டின் கொல்லை வாசலில் துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, "ஆண்டே" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நிற்பாராம். உள்ளே இருப்பவருக்குக் காது கேட்டாலும் உடனே வரமாட்டாராம். சின்ன வயசில் அப்பாவின் காலடியில் நின்று அதைப் பார்த்தவர் இவர். எங்கள் ஜனங்களில் பலரும் அப்படித்தான். வராதே என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அந்த ரோஷம் எங்களுக்குப் பெருமை. அதையே முதலாளிகள் தங்களுக்கு வசதியாக்கிக்கொண்டார்கள் என்பது சங்கம் வந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஆனால் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூலிக்காக நடந்த சண்டையில் பக்கத்துக் கிராமங்களில் ஆட்கள் மண்டை உடைந்து கிடந்த காலம் அது. வயல் வேலைக்குப் போனால் சங்கத்துக்காரன் பெண்டாட்டி என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். பாய்லர் வேலையை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ரோஷத்தைப் பொங்கிச் சாப்பிட முடியுமா என்று கேட்டேன். அவர் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் வழக்கம்போலச் சோறு வடித்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மில் ஆட்களுக்கு வீட்டுப் பெண்கள் மதியச் சோறு கொண்டுபோய் கேட்டில் காத்திருப்பது வழக்கம். கேட் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் விழித்தார்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரருதான் வேலைக்கு வரலையே?"

"வரலையா, விடலையா?" என்றேன். மற்ற பெண்கள் தங்கள் ஆட்களுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் தூக்குவாளியோடு வெயிலில் நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உனக்கென்ன பைத்தியமா? இங்க ஏன் நிக்கிற? வா வீட்டுக்கு."

"யாராவது நின்னுதான ஆகணும்? நீங்க நிக்கமாட்டேங்கிறீங்க, நான் நிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், பிறகு தூக்குவாளியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். வாட்ச்மேனிடம் போய், "வேலைக்கு வந்திருக்கேன்" என்றார். குரல் எழும்பவே இல்லை. வாட்ச்மேன் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு என்றார். இவர் நின்றார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு தினமும் காலைச் சங்குக்கு அவர் போனார். மதியம் நான் சோறு கொண்டுபோவேன். புளியமர நிழலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். களத்தில் காயும் நெல்லைத் துழாவுகிற பெண்கள் வேலைக்குப் போகும்போது அவரைப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கும் வெளி வேலைதானா?" என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல்தான் அவரை நிற்கவைத்தது என்று நினைக்கிறேன். பரிதாபப்பட்டிருந்தால் ஓடியிருப்பார்.

மாமனாருக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். எங்கள் ஊரில் எது மறைந்திருக்கிறது? ஒருநாள் காலையில் மாமனார் கம்பை ஊன்றிக்கொண்டு மில் கேட்டுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு உடம்பு சுகமில்லாத என் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால், பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரோடு வந்திருந்தேன். சங்கு ஊதி எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டோரம் நின்றிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. கிழவர் திட்டப்போகிறார், இல்லையென்றால் அழப்போகிறார் என்று நான் பயந்தேன்.

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "கைய எறக்கு" என்றார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். தன்னை அறியாமலேயே என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வந்த முதல் நாளிலிருந்தே அப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது. கையை இறக்கினார். இறக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினார். மாமனார் வந்த வழியே போய்விட்டார்.

சங்கம் போட்ட மனுவின்மேல் கும்பகோணத்தில் தொழிலாளர் அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. முதலாளிக்கு எதிரே உட்கார என் வீட்டுக்காரர் தயங்க, செயலாளர் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார். நான் கதவோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலாளி சாட்சிக்கு வாட்ச்மேனையும் அழைத்துவந்திருந்தார்.

"நான் யாரையும் நீக்கலைங்க. அவனாத்தான் நின்னுட்டான். அன்னியிலேருந்து மில் பக்கமே வரல. கேட்ல இருக்கற இவரையே கேட்டுப் பாருங்க" என்றார் முதலாளி.

அதிகாரி வாட்ச்மேனைப் பார்த்தார். "இவர் வேலைக்கு வந்தாரா?"

வாட்ச்மேன் எழுந்து விறைப்பாக நின்றார். தன் வேலையைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம். "ஒரு நாள்கூட உள்ள விடலைங்க. ஐயா உத்தரவு போட்டதுலேருந்து, காலையில சங்கு ஊதறப்ப வந்து எவ்வளவோ நேரம் நிப்பாருங்க. நான் அசையலைங்க. மழையில நின்னாருங்க, அப்பவும் விடலைங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். வாட்ச்மேன் பெருமையோடு அவரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. அதிகாரி மட்டும் முகம் மாறாமல், "வந்தாத்தானங்க விடாம இருக்க முடியும்?" என்று முதலாளியிடம் கேட்டார்.

பழையபடி வேலை கொடுப்பதாகவும், நிறுத்திவைத்த காலத்துக்குச் சம்பளம் தருவதாகவும் அன்றைக்கே ஒப்பந்தம் ஆனது. வாட்ச்மேன் வேலையில் கை வைக்கக்கூடாது என்பதையும் செயலாளர் பேசி வாங்கினார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மில் கணக்குப்பிள்ளை என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு உமி வண்டி போற பின்கேட் வழியா வந்துடு. பத்துப் பேர் பாக்கறாப்ல வேணாம்னு ஐயா நெனைக்கிறாரு."

"சங்கு ஊதறப்ப முன்கேட்ல வர்றேன்னு சொல்லுங்க" என்றார் இவர். குரல் நன்றாகவே எழும்பியது.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். எங்களுக்கு முன்னாலேயே மாமனார் வந்து புளியமரத்தடியில் நின்றிருந்தார். சங்கு ஊதியது. களத்துப் பெண்கள் வழிவிட, என் வீட்டுக்காரர் கையை வீசிக்கொண்டு முன்கேட் வழியாக உள்ளே போனார். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். மாமனார் அங்கேயே நின்றார். அவருடைய துண்டு தோளில் இருந்தது.

"என்ன பெரியவரே, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"பாத்துட்டேன்" என்றார் மாமனார்.