மூலையில் முளைத்த சுழல்

எங்கள் ஹப்சிகுடா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. அதன்மேல் அம்மாவின் கண்ணாடித் தட்டு இருந்தது. பள்ளி விட்டு வந்தால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், அவள் தன் ஆராய்ச்சியையே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

சதுரத் தட்டு. அதில் மெல்லிய படலமாக உப்புநீர், அடியில் காந்தங்கள், பக்கங்களில் மின்கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் நீரில் தூவிய பொடி சின்னச் சின்னச் சுழல்களாகக் கிளம்பும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் தட்டையே அடைத்துக்கொண்டு ஒரே பெரிய சுழலாகிவிடும். கொஞ்ச நேரம் சமர்த்தாகச் சுற்றும். பிறகு யாரும் தொடாமலே உடைந்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அதைக் கண்டு சொல்வதுதான் என் உத்தியோகம். “அம்மா, உல்டா ஹோகயா!” என்று, தலைகீழாகிவிட்டதைத் தெருப் பிள்ளைகளின் இந்தியில் கத்துவேன். கரண்டியும் கையுமாக ஓடி வருவாள்.

அவளுடைய ஆய்வை மேற்பார்த்த பேராசிரியருக்கு அந்த உல்டா பிடிக்கவில்லை. கம்பி எங்கோ தளர்ந்திருக்கிறது என்றார். அம்மா கம்பி, காந்தம், உப்பு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள், உல்டா நின்றபாடில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. காஞ்சன்பாக்கில் வேலைபார்த்த அப்பாவுக்கோ வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. வட்டத் தட்டில் செய்து காட்டினால் ஆய்வேட்டில் உடனே கையெழுத்துப் போடுவதாகப் பேராசிரியர் சொல்லி அனுப்பினார்.

வட்டத் தட்டு வந்தது. அதில் பெரிய சுழல் உடையவே இல்லை. நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சுற்றியது. அப்பாவின் முகம் தெளிந்தது.

“முடிஞ்சிட்டுல்லா? இதையே குடுத்துரு.”

எனக்குத்தான் வேலை போய்விட்டது. “இது நக்கோ ம்மா, வேண்டாம், போரடிக்குது!” என்று சிணுங்கினேன்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

“தப்பு கம்பில இல்லங்க. சதுரத்தோட மூலையில சின்னச் சுழலு மொளைச்சு, வளந்து, பெருசக் கவுத்துருது. வட்டத்துல மூலையே கெடையாதுல்லா? இதக் காட்டி அத மறைக்க எனக்கு மனசு வரல.”



திங்கட்கிழமை அம்மா சதுரத் தட்டைப் பழைய சேலையில் சுற்றிப் பேராசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனாள். என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் தட்டோடு திரும்பினாள். கையெழுத்துக் கிடைக்கவில்லை, பட்டமும் இனி இல்லை என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு, எப்போதும்போல நீரூற்றி, மின்சாரத்தைப் போட்டுவிட்டு, மேசையில் தலை கவிழ்ந்துகொண்டாள். பட்டம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சுழல் உடைந்தது.

“உல்டா!” என்று கத்தினேன்.

அம்மா நிமிரவில்லை. காதில் விழவில்லையாக்கும் என்று, இன்னும் பலமாகக் கத்தினேன்.