திருமலை தேய்த்த மீன்தொட்டி

கண்ணாடி மாதிரி எதைக் கண்டாலும் திருமலை விரல் நகத்தின் நுனியால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். ரயில் ஜன்னல், கண்டக்டரின் கைக்கடிகாரம், மச்சினிக்கு நிச்சயம் பேசப் போன வீட்டில் மாட்டியிருந்த சாமிப் படம், எதையும் விட்டதில்லை. நகம் தட்டினால் "கீறல் கீது" என்பார். தட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். 1974க்கு முன்னால் இந்தப் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை என்று அவர் மனைவி சம்பூர்ணம் சொல்வார்.

திருமலை பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஏரியில் மீன்பாடு சரியில்லாத ஒரு வருடம் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, பெயர்ப்பலகையும் விளக்கு மூடியும் செய்யும் ஒரு கம்பெனியில் டெம்பரரியாகச் சேர்ந்தார். எல்லாம் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டில் செய்வது. பார்வைக்குக் கண்ணாடிதான், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மேனேஜர் அரசப்பன் அதே தகட்டில் ஒரு மீன்தொட்டி செய்து தன் அறையில் வைத்திருந்தார். திருமலை மீனவர் என்று தெரிந்ததும் தொட்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டார். மீனைப் பிடிக்க, காயவைக்க, விற்கத் திருமலையின் குடும்பத்துக்குத் தெரியும். மீன் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அந்தக் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை.

தொட்டியின் உள்பக்கம் பாசி பிடித்தது. வீட்டில் சட்டி கழுவுகிற மாதிரியே திருமலை ஏரி மணலும் தேங்காய் நாரும் கொண்டு, சனிக்கிழமை தவறாமல் ஐந்து மாதம் தேய்த்தார். தண்ணீர் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூலையில் ஒழுக ஆரம்பித்ததால் ஒரு நாள் மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றி, மூலையை ஒட்டித் தொட்டியைக் காயவைத்தார். காய்ந்ததும், கை எட்டிய உயரம் வரை நான்கு பக்கமும் பனி மூடியது போல வெளுத்திருந்தது.

அந்த மாதம் கம்பெனியில் ஒரே ஒருவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. அந்த இடத்துக்கு இருந்தது இரண்டு பேர். ஒருவர் திருமலை. இன்னொருவர் பாலிஷ் செக்ஷனில் இருந்த ஜெயராஜ், ஊத்துக்கோட்டைப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. மேனேஜர் மெட்ராஸ் போயிருந்தார். திருமலை நேராக ஜெயராஜிடம்தான் போனார். போவதற்கு வேறு ஆள் இல்லை.

ஜெயராஜ் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மண்ணு போட்டா தேச்ச?"

"எங்க ஊட்ல அப்டித்தான் தேய்ப்போம்."

"உங்க ஊட்டு சட்டியில மேனேஜர் மீன் வளக்கல நைனா."

கீறலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் மொத்தத்தையும் கீற வேண்டும் என்று ஜெயராஜ் சொன்னார். தண்ணீர் விட்டுக்கொண்டே வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். பிறகு அதைவிட மெல்லிய பேப்பரால் குறுக்கே, முந்தைய கோடுகள் மறையும் வரை. பேப்பர் மாற்றும்போதெல்லாம் தொட்டியையும் கையையும் கழுவ வேண்டும். பழைய துகள் ஒன்று தங்கினாலும் புதுக் கீறல் விழும். அழுத்தவும் கூடாது, சூடேறினால் தகடு இளகும். கடைசியாகப் பாலிஷ் தடவிய ஃபிளானல் துணி. அதுவரை பார்க்கச் சகிக்காது.

சகிக்காத கட்டத்தில்தான் அரசப்பன் மதிய ரயிலில் திரும்பி வந்தார். தொட்டி முழுவதும் பால் ஊற்றியது போல இருந்தது. பேப்பர் ஜெயராஜின் கையில். திருமலையின் கையில் தண்ணீர்ச் சொம்பு.

"யார் வேலை இது?"

"நான்தான் சார் தேச்சினு இருக்கேன். முடிஞ்சா தெளிஞ்சிடும்" என்றார் ஜெயராஜ். மீதியைத் திருமலை சொல்வார் என்று அவர் பக்கம் பார்த்தார். திருமலை தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்.

அரசப்பன் ஜெயராஜை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். மிச்சத்தைத் திருமலையே முடித்தார். சாயங்காலம் தொட்டி தெளிந்துவிட்டது. ஜெயராஜ் கெடுத்ததைத் திருமலை காப்பாற்றியதாக அரசப்பன் எடுத்துக்கொண்டார். பர்மனென்ட் ஆர்டர் திருமலைக்கு வந்தது. அவர் ஏன் பேசவில்லை? பயம் என்று சொல்லலாம், ஆசை என்றும் சொல்லலாம். அந்தச் சொம்பு தன் கையில் இருந்திருந்தால் பேசியிருப்பேன் என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தீபாவளிக்கு இன்னொரு பர்மனென்ட் இடம் வரும் என்று பேச்சு இருந்தது. ஜெயராஜ் ஸ்டேஷனில் திருமலையைப் பிடித்தார். கோபப்படவில்லை.

"சார் கைல உண்மையை ஒரு வார்த்தை சொல்லிடு. வேற ஒண்ணும் வாணாம்."

"சொல்றேன் ஜெயராஜு. நாளைக்கே சொல்றேன்."

மறுநாள் திருமலை அறைக்குள் போனார். அரசப்பன் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டார்.

"தண்ணி மாத்தணும் சார்."

"மாத்து."

திருமலை தண்ணீர் மாற்றினார். அந்த இடமும் வேறொருவருக்குப் போயிற்று. ஜெயராஜ் ஒரு இரும்புப் பட்டறையில் காண்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தார். ரயிலில் பார்த்துக்கொண்டால் இருவரும் பேசுவார்கள். ஜெயராஜ் மறுபடி கேட்கவில்லை. திருமலை ஒவ்வொரு முறையும் "அத்தச் சொல்லிடறேன்" என்பார்.

1979இல் மஞ்சள் காமாலையில் திருமலை இறந்தபோது ஜெயராஜ் வேலைக்குப் போகாமல் வந்து பந்தல்கால் பிடித்தார். அரசப்பன் மாலையோடு வந்தார். ஜெயராஜை அடையாளம் கண்டு அருகில் அழைத்தார்.

"அன்னைக்கு நீ கெடுத்த தொட்டியைக் காப்பாத்துன ஆளுப்பா இவரு."

திருமலை சொல்வதாக இருந்த வார்த்தை அப்படியே பாக்கி நின்றது. ஜெயராஜ், "ஆமா சார்" என்றார்.