லூர்துமேரி டீச்சரின் வயலின் சேர்ந்துதான் இருந்தது

போன வெள்ளிக்கிழமை காலை நான் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் இருந்தேன். எங்கள் இசைப்பள்ளியில் அன்று புதிய கல்வியாண்டின் தொடக்க விழா. நெடுங்காலம் வாய்ப்பாட்டு ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். கஞ்சி போட்ட வேட்டி சட்டையோடு, பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. எங்கள் பள்ளியில் வயலின் ஆசிரியையாக இருந்த லூர்துமேரியின் மகள் ஸ்டெல்லா பேசினாள்.

"சார், அம்மா தவறிட்டாங்க. காலையில, ஆஸ்பத்திரிலயே. கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தேன் இல்ல? உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"அடடா" என்றேனோ, "எப்பம்மா" என்றேனோ, நினைவில்லை. ஆனால் மனதில் முதலில் வந்தது என்ன என்பது நன்றாக நினைவிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவதானால் இந்த அஞ்சலியை எழுதாமலே இருக்கலாம். முதலில் வந்தது நிம்மதி. இனிமேல் அது யாருக்கும் தெரியவராது என்ற நிம்மதி. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டது அதற்கு அப்புறம்தான்.

லூர்துமேரியை அறிந்த உங்களுக்கு, அவரிடம் படித்தவர்களுக்கு, அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு, எது தெரியாது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அவரை வேலைக்கு எடுத்தவனே நான்தான். கடலூர் முதுநகர்க்காரர். அப்பா மீன்பிடித் துறையில் ஐஸ் உடைக்கிற வேலை. மாதா கோயில் பாடற்குழுவில் வயலின் பிடித்து, பிறகு முறையாகப் படித்து, முதல் வகுப்பில் தேறி வந்திருந்தார். அந்தக் காலத்தில் எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். "கோயில் பாட்டு வாசிச்ச கை, ராகத்துக்கு வளையுமா?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லை எழுந்து போயிருப்பார்கள். அவர் வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டே, "சுருதிக்கு ஞானஸ்நானம் எல்லாம் கெடையாது சார். வாசிக்கிறேன், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். கல்யாணியில் ஐந்து நிமிஷம் வாசித்தார். நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கும் கோபம் வரும். செம்மங்குப்பம் தொழிற்சாலைகள் பக்கமிருந்து ரசாயன நாற்றத்தோடு காற்று வீசும் நாட்களில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, வகுப்பை விடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அவர் அசையமாட்டார். "காத்து நாறுதுன்னு யாராச்சும் மூச்சு விடாம இருக்கீங்களா? வில்லை எடுங்க" என்பார். என்னையும் விட்டுவைத்ததில்லை. மீசைக்கு மை தடவிக்கொண்டு வந்த நாளில் எல்லார் எதிரிலும், "சாருக்கு இன்னைக்கு மீசை அரைக் கட்டை ஜாஸ்தி" என்றார். மிருதங்க ஆசிரியர் கலியமூர்த்தி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

இப்போது அந்த விழாவுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடக்க விழா அன்று பாடம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து ஒரே ஒரு சட்ஜம், அதாவது 'ஸ' மட்டும், பாட வேண்டும். தலைமையாசிரியர் நடுவில். அவருக்கு வலப்பக்கம் தம்பூரா, இடப்பக்கம் வயலின். வயலின் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுக்கும். பிள்ளை அதன் அருகில் நின்று பாடும். குரல் சுருதியோடு இணைந்ததும் தலைமையாசிரியர் "சேர்ந்தது" என்று சொல்வார். அந்தச் சொல்லுக்கு அப்புறம்தான் அந்தப் பிள்ளை எங்கள் மாணவர். பெற்றவர்கள் கைதட்டுவார்கள். விண்ணப்பம், ரசீது எல்லாம் அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கணக்கு.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டு முன்பு நடந்த விழா அது. பதினைந்து நாளாக ஜலதோஷத்தில் கிடந்துவிட்டு வந்திருந்தேன். முதல் பிள்ளை பாடியபோதே ஏதோ நெருடியது. அரை மனதாக "சேர்ந்தது" என்றேன். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதாக குமராட்சியிலிருந்து பூங்கொடி என்ற பெண் வந்தாள். அப்பா விவசாயக் கூலி. புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். பாடினாள். "சேரலை" என்றேன். மறுபடியும் பாடினாள். "சேரலை." மூன்றாம் தடவை அவள் குரலே நடுங்கியது.

லூர்துமேரி மெதுவாக, "சார், சேர்ந்துதான் இருக்கு" என்றார்.

எனக்கு முன்னால் ஒலிபெருக்கி இருந்தது. அதிலேயே சொன்னேன்: "டீச்சர், மொதல்ல உங்க வயலினைச் சேருங்க. வாத்தியமே விலகி நின்னா புள்ள எங்க போயிச் சேரும்?"

கூட்டம் சிரித்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. கம்பியை முறுக்கும் பிருடையைத் தொட்டார், தம்பூராவைக் கேட்டார், கையை எடுத்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்க சார்" என்றார்.

நான் திரும்பவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டாளா என்று கொதித்தேன். "அடுத்த புள்ளயக் கூப்பிடுங்க" என்றேன். பூங்கொடி அழுதுகொண்டே இறங்கிப் போனாள். அன்று மேடையில் இருந்த கலியமூர்த்தி மிருதங்கத்தைப் பார்த்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை நான் மாணவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

அதோடு விட்டேனா? நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை எழுதினேன். வயலின் ஆசிரியைக்குச் சுருதி ஞானம் தளர்ந்துவிட்டது, மேடைக்கும் மேல் வகுப்புக்கும் தகுதியில்லை என்று. என் வார்த்தைக்கு அங்கே மறுவார்த்தை கிடையாது. அவரை ஆரம்ப வகுப்புக்கு இறக்கினார்கள். அடுத்த ஆண்டு விழாவிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுக்கிற வேலை அவருக்கு. கல்யாணி வாசித்த கையில் பன்னீர்ச் செம்பு. நான் அவரைத் தாண்டித்தான் உள்ளே போவேன். "வாங்க சார்" என்று என் மேலும் பன்னீர் தெளிப்பார்.

பூங்கொடி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. லூர்துமேரி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சிதம்பரம் வந்து, அங்கிருந்து மினிபஸ் பிடித்துக் குமராட்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். பெண்ணின் அப்பா, "பெரியவரே கொரல் இல்லன்னு மைக்குல சொல்லிட்டாரு. அதுக்கு மேல என்னாம்மா? நடவுக்குப் போறா" என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கலியமூர்த்திதான் சொன்னார். சொல்லிவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழிந்தது. இடப்பக்கம் யார் பாடினாலும் எனக்குப் பிசகாகவே கேட்டது. ஒலிபெருக்கியைத் திட்டினேன், தம்பூராக் கம்பியைத் திட்டினேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டினேன். தேர்வில் மதிப்பெண் குறைத்தேன். கடைசியில் காதுக்குள் இரைச்சல் தாங்காமல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் சுருதி பார்க்கும் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி வலது காதருகே பிடித்தார், பிறகு இடது காதருகே பிடித்தார். "ரெண்டும் ஒண்ணா கேக்குதா?" என்றார்.

ஒன்றாகக் கேட்கவில்லை. ஒரே கவை, ஒரே தட்டு. இடது காதில் ஒரு ஸ்வரம் ஏறிக் கேட்டது.

"ஜுரம், ஜலதோஷத்துக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும். ரொம்ப நாளாவே இருந்திருக்கும் போலிருக்கே, கவனிக்கலையா?" என்றார் மருத்துவர். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே முதுநகருக்குப் போனேன். லூர்துமேரி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். மருத்துவர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் சார்" என்றார்.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னேனே. திரும்பிக் கேளுங்கன்னு சொன்னேன். திரும்பியிருந்தா வலது காது கேட்டிருக்கும்."

"கமிட்டியில சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"பாடுறவருக்குக் காது போச்சுன்னு நான் போயி எப்படி சார் எழுதிக் கொடுப்பேன்?" என்றார். அவரே தொடர்ந்தார். "பழசையெல்லாம் திருப்பிக் கொடுங்கன்னு கேக்கல. நீங்க எழுதுனது தப்புன்னு நீங்களே ஒரு கடுதாசி எழுதிடுங்க. அது போதும். வாசிக்கத் தெரியாதவன்னு பேரோட போவக் கூடாது சார்."

எழுதுகிறேன் என்றேன். சத்தியமாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. காது போன தலைமையாசிரியர் என்றால் மறுநாளே வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். ஓய்வு பெற்றதும் எழுதலாம் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடையும் பாராட்டுரையும் குவிந்தன. அந்தச் சூட்டோடு எப்படி எழுதுவது? அதன் பிறகு தேர்வுகளுக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். நானும் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் அந்த ஆரம்ப வகுப்பிலேயே இருந்து ஓய்வு பெற்றார். எங்கேயாவது பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். கடிதத்தைப் பற்றி இரண்டாவது தடவை கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. இல்லை, இதுவும் பொய். எழுதியிருக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை விழா நிற்கவில்லை. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, பெற்றோர் வந்துவிட்டார்கள். இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். பிறகு இப்போதைய வயலின் ஆசிரியர், இளைஞர், நல்ல பிள்ளை, லூர்துமேரியைப் பற்றிச் சில வார்த்தை பேசினார். "கடைசிக் காலத்துல டீச்சருக்குச் சுருதி விலகிடுச்சுன்னு சொல்வாங்க. ஆனா தங்கமான மனசு. வாசல்ல நின்னு சந்தனம் கொடுத்தாலும் சிரிச்ச முகமாத்தான் கொடுப்பாங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. ஏட்டில் இருப்பதைத்தான் சொன்னார். அதை எழுதிய கை என் கை.

அடுத்து நான் பேச வேண்டும். ஒலிபெருக்கி கைக்கு வந்தது. இரண்டு வாக்கியம் போதும். எதிரே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நல்ல ஆத்மா. கடின உழைப்பாளி" என்றேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு புதுப் பிள்ளைகள் வரிசையாக வந்து சட்ஜம் பாடினார்கள். மரியாதைக்கு அன்று என்னையே நடுவில் உட்காரவைத்திருந்தார்கள்; சேர்ந்தது, சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மதியம் முதுநகர் போனேன். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சார், அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தெனமும், கடுதாசி எதாச்சும் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என்ன கடுதாசின்னா சொல்லல. ஸ்கூல் விஷயமா இருக்குமோ? உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

"தெரியலையேம்மா" என்றேன்.

பிணத்துக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். அன்று பேருந்தில் ஏறி வீடு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். நிர்வாகக் குழுவுக்குத் தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். உங்களுக்கு இங்கே சொல்கிறேன். அந்த விழாவில் லூர்துமேரியின் வயலினில் எந்தப் பிசகும் இல்லை. பூங்கொடியின் குரலிலும் இல்லை. பழுது என் காதில் இருந்தது. தெரிந்த பிறகு மறைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

இறந்தவரிடமிருந்து தமக்குக் கிடைத்தது எது என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரையை முடிப்பார்கள். எனக்குக் கிடைத்தது மாசில்லாத ஒரு பணிக்காலம், ஒரு பெயர், பீரோ நிறையப் பொன்னாடைகள். எல்லாம் அவர் வாயைத் திறக்காததால் என்னிடம் தங்கியவை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இதை ஸ்டெல்லாவுக்குப் போனில் முழுவதும் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கடைசி வரி வரை கேட்டாள். பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றாள். "போன வியாழக்கிழமை வரைக்கும் அம்மா இருந்தாங்களே."