நாற்பதாவது படம்

"அண்ணாச்சி, ஒரு ரோலுக்கு எத்தன படம்னு சொன்னீங்க?"

"முப்பத்தாறு."

"இப்ப நாப்பதாவது தடவ அமுக்குதீங்க."

கேட்டவர் கயத்தாறு பக்கத்து ஆட்டுக்காரர் சுப்பையா. ஆடுகளை எண்ணி அடைத்துப் பழகியவர், என் ஷட்டர் சத்தத்தையும் எண்ணியிருக்கிறார். கோவில்பட்டி ஸ்டூடியோ ஒன்றில் ஆயுளெல்லாம் வேலை பார்த்த நான் எண்ணவில்லை.

என் நோட்டுக் குறிப்பின்படி, போன தை மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு ஐம்பது. சுப்பையாவும் அவர் அண்ணன் மாடசாமியும் கூட்டு மந்தையைப் பாகம் பிரித்த நாள். பிரிப்பதற்கு முன் முழு மந்தையோடு இருவரும் நிற்கும் படம் வேண்டும், அதுவும் அவர்கள் அப்பாவை எடுத்த அதே கேமராவில் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். கையால் ஃபிலிம் சுற்றும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அது.

உளுந்து எடுத்த கரிசலில், வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டுமென்று அவசரமாக லோடு செய்தேன். முழு மந்தையை எடுத்தேன். பிறகு பாகம் பிரிப்பதையும் எடுத்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஆடுகளுக்குச் சிவப்புச் சாயம், தம்பி ஆடுகளுக்கு நீலம். மாடசாமி தன் பங்கை ஓட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டிவிட்டார். அப்போதுதான் சுப்பையா அப்படிக் கேட்டார்.

ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துப் பார்த்தேன். கூடவே சுற்ற வேண்டிய ரீவைண்ட் குமிழ் அசையவில்லை. பின்மூடியைத் திறந்தால், ஃபிலிமின் நுனி நாக்கு, அதைச் சுற்றியிழுக்கும் ஸ்பூலின் பிளவிலிருந்து நழுவிக் கிடந்தது. ஒரு படமும் விழவில்லை. சுப்பையாவிடம் சொன்னேன்.

அவர் ஓடையைப் பார்த்துக் கூப்பிட்டார். "அண்ணே, ஆட்டத் திருப்புங்க."

"எதுக்குலே? எம் பங்குல கூடிப்போச்சா?"

"படம் விழல."

மாடசாமி நின்றார். "அம்புட்டு நேரமும் வெறும் பொட்டியப் பாத்தா சிரிச்சேன்?"

காலையிலிருந்து முகம் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆடுகள் திரும்பின. சிவப்பும் நீலமும் கலந்தன.

இந்த முறை நாக்கை ஆழச் செருகினேன். ஃபிலிமின் இரண்டு ஓரத்துத் துளைகளும் பல்சக்கரத்தில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினேன். ரீவைண்ட் குமிழைப் பையத் திருகித் தளர்ச்சியை எடுத்தேன். அதன்பின் லீவரை இழுத்தால் குமிழ் தானாக எதிர்ப்புறம் சுற்ற வேண்டும். சுற்றியது.

"இது சுத்துனாத்தான் உள்ள ஃபிலிம் நகருதா?" என்றார் சுப்பையா.

"ஆமா. மேல காட்டுற நம்பர நம்பக்கூடாது. அது லீவர் இழுக்கிறதத்தான் எண்ணும்."

அவர் தன் சாயச் சட்டியில் விரலைத் தோய்த்து, குமிழின் ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு வைத்தார். "இனி நல்லாத் தெரியும்."

"அண்ணாச்சி, உங்களையும் அவன் பங்குல சேத்துட்டான்," என்றார் மாடசாமி.

படம் எடுத்து முடித்ததும் மறுபடி பிரிப்பார்கள் என்று ஒதுங்கி நின்றேன். மாடசாமி கம்பைத் தோளில் போட்டுக்கொண்டார். "சாயந்தான் போட்டாச்சே, எப்பன்னாலும் பிரிச்சுக்கிடலாம். இன்னைக்கு ஒண்ணாவே மேயட்டும்."

அந்த ரோலில் முப்பத்தாறும் விழுந்தன. இருவர் வீட்டிலும் ஒரே படம் தொங்குகிறது. நீலப் பொட்டை நான் துடைக்கவில்லை. லீவரை இழுக்கும்போது அது நகர்வதைப் பார்க்காமல் இன்றுவரை ஷட்டரில் விரல் வைப்பதுமில்லை.