ஒரு தரம் மட்டும் மின்ன வேண்டிய நட்சத்திரம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது மூன்று, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு. எல்லாரும் தலையெடுத்த பிறகும் நான் வேலையை விடவில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் தருமபுரி போய், ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையைக் கூட்டித் துடைக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் ஜெசிந்தா மேடத்தைப் பற்றி நானேதான் எழுதுவேன்.

மேடம் அங்கே பிஎச்.டி. ஆராய்ச்சி செய்கிறவர். வாய்க்கு வாய் 'லென்ஸ்' என்பார். எங்கள் பக்கம் லென்ஸ் என்றால் கண்புரைக்கு வைப்பதுதான். "எங்க காலேஜ்ல லென்ஸ் பாக்குற மேடம் இருக்குது" என்று ஊரில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு மாதம்மா துறை வாசலில் வந்து நின்றாள்.

"லென்ஸ் வெச்ச கண்ணு நீரா ஊத்துதுங்க. கொஞ்சம் பாத்து வுடுங்க."

மேடம் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று சொன்னார். "நான் பாக்குறது வேற லென்ஸ்ங்க ஆத்தா."

"அது எங்க இருக்குதுங்க?"

"அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

மாதம்மா என் பக்கம் திரும்பினாள். "லென்ஸத் தொலச்சுட்டுத் தேடுறவங்களப் பத்தியா ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்த?"

அதற்குப் பிறகுதான் மேடம் எனக்கு விளக்கினார். நம் கேலக்ஸியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத எடை ஏராளமாம். இருட்டுப் பொருள் என்று பேர். அது இருண்ட உருண்டைகளாக அலைகிறதா என்பதுதான் கேள்வி. அப்படி ஓர் உருண்டை தூரத்து நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்தால், அந்த நட்சத்திரம் பளிச்சென்று ஆகிப் பழையபடி அடங்குமாம்.

"குறுக்க வந்தா மறைக்கத்தானே செய்யும்? பஸ்ல முன்னால ஒருத்தன் நின்னாலே எனக்கு ரோடு தெரியறதில்ல."

"இது தன்னோட எடையால வெளிச்சத்த வளைச்சு நம்ம பக்கம் குவிக்கும் ஆயா. கண்ணாடியே இல்லாத லென்ஸ். ஆனா ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு தரம் அமையறதே பெருசு."

தொலைநோக்கிப் படங்களில் வருடக்கணக்காகத் தேடி, அப்படி ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பட்டமும், அதை நம்பியிருந்த வேலையும் கைக்கு வந்த மாதிரிதான். கல்லூரி விழாவில் அறிவிக்கத் துறைத் தலைவர் பேனரே கட்டிவிட்டார்.

விழாவுக்கு முந்தின மத்தியானம் மேடம் வேறொரு தொலைநோக்கியின் பழைய படங்களையும் சரிபார்த்தார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அதே நட்சத்திரம் முன்பும் ஒருமுறை மின்னியிருந்தது. முன்னால் எதுவும் கடக்கவில்லை. அது தானாகவே ஏறி இறங்குகிற நட்சத்திரம்.

நேரே தலைவரிடம் போனார்.

"யாருக்கும்மா தெரியப்போவுது? விழா முடியட்டும்."

"எனக்குத் தெரியுதுங்களே சார்."

"இத்தன வருச உழைப்பும்மா!"

"அதனாலதாங்க சார் சொல்றேன்."

தானே ஸ்டூலில் ஏறி பேனரைக் கழற்றினார். கீழே நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது, தேடிய அளவில் அந்த உருண்டைகள் இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

"இல்லன்னு எழுதவா கண்ணு இத்தன பாடு?" என்று கேட்டேன்.

"இருக்குதுன்னு சொல்ல ஒண்ணு கெடச்சாப் போதும் ஆயா. இல்லன்னு சொல்லணும்னா அத்தனையும் பாத்திருக்கணும்."

தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே உண்மை பேசுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அவர் அறையைத் துடைக்கிறேன் என்பது எனக்குப் பெருமை.

பேத்தி ரம்யா, ஆயா எழுத்து கோணலாக இருக்கும், எனக்கு மெல்லப் படித்துக் காட்டு. எங்கேயாவது கூட்டிச் சொல்லியிருந்தால் என் காதுக்குத் தெரிந்துவிடும். அந்த வரியை அடித்துவிடலாம்.