நடுவர் பார்க்காத தட்டல்

வெளிநாட்டில் ஜூடோ இறுதிப்போட்டி. எதிராளி கழுத்தை நெரித்ததும், பதுளைச் சிங்கமாகிய நான் அவன் தோளை இரண்டு முறை தட்டினேன். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அவன் உடனே பிடியை விட்டான். நடுவர் கவனிக்கவில்லை. சட்டென்று அவனைப் புரட்டி அமுக்கினேன், தங்கம் எனக்கு. அவன் குனிந்து வணங்கினான்.

ஊர் திரும்பியபோது அப்புத்தளை ஸ்டேஷனில் மேளத்தோடு எங்கள் தேயிலைத் தோட்டமே நின்றது.

"எப்படிடா அந்தப் பிடியிலருந்து தப்பிச்ச?" என்றார் மாமா.

"தப்பிக்கல மாமா. தோத்துட்டேன்னு தட்டுனேன், அவன் விட்டுட்டான்."

"ஜெயிச்சும் இவனுக்கு நக்கல் போகல பாருங்க!"

எல்லோரும் சிரித்தபடி என்னைத் தோளில் தூக்கினார்கள். இறங்கி ஓடவும் வழியில்லை. மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். யாரோ லட்டைத் திணித்தார்கள். மென்று விழுங்கினேன். அது இனித்ததுதான் இன்றுவரை எனக்கு வெட்கம்.